அல்லிக்கு வயிறு கிடையாது

என் மருமகளுக்கு ஏழாம் மாதம் தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சிங்கப்பூரில் இருக்கிற என் மகன் செந்தில்குமாருக்குத் தெரியும். நீடாமங்கலத்தில் அவள் அம்மாவுக்குத் தெரியும். இனியவனுக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

தெரியக் கூடாது என்று முடிவு செய்தவர்களில் நானும் ஒருவன். போன வாரம் என் பெண்டாட்டி அம்சம், சோற்றைப் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் கொல்லைப்பக்கம் போனதும் அதனால்தான்.

இனியவன் இன்ஜினியரிங் படித்தவன். படித்த வேலைக்குப் போகவில்லை. ‘வடக்குவெளி குடும்பம்’ என்று ஒரு சிரிப்புத் தொடர் எடுக்கிறான். ஞாயிறுதோறும் கேபிளிலும் வருகிறது, போனிலும் வருகிறது. பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊரிலேயேதான் படம் பிடிப்பார்கள். அதில் நான் மிராசு மாணிக்கம். பத்து வேலி, அதாவது அறுபது ஏக்கருக்கு மேல் நிலம், வாய் நிறைய வசவு. என் மருமகள் எழில்மொழி அதில் என் மகள் அல்லி. கல்யாணம் ஆகாத பெண். வாரம் ஒரு மாப்பிள்ளை பார்க்க வருவான். அல்லி ஏதாவது குறும்பு செய்து அவனை வாசலோடு விரட்டுவாள். நூற்று முப்பது வாரமாக இதே கதை.

நிஜத்தில் என் பெயர் இராஜாங்கம். குத்தகை நிலம் இரண்டு ஏக்கர். என் அப்பா பண்ணையாள். மூன்றாம் வகுப்போடு என்னையும் மாட்டுக்குப் பின்னால் அனுப்பினார். அவர் காலத்து மிராசுகள் எப்படி நின்றார்கள், எப்படித் துண்டு போட்டார்கள், எப்படித் திட்டினார்கள் என்பதை வரப்பில் நின்று பார்த்தவன் நான். அதனால் எனக்கு நடிக்க வரும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழிலுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் இனியவன் என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னான்.

“ஐயா, எழிலுக்கு வயிறு இருக்கலாம். சந்தோஷம். அல்லிக்கு வயிறு கிடையாது. கன்னிப்பொண்ணு. குடும்பத்தோட உக்காந்து பாக்குறாங்க.”

“அப்ப அல்லிக்குக் கல்யாணத்த முடிச்சிடு.”

“முடிச்சிட்டா அதுக்கப்புறம் என்னங்கய்யா இருக்கு? கதையே அதானே.”

“வேற பொண்ணப் போடு.”

“போட்டுப் பாத்தோமே. ஞாபகமில்ல?”

ஞாபகம் இருந்தது. எழிலுக்கு டைபாய்டு வந்தபோது இரண்டு வாரம் வேறு ஒரு பெண் அல்லியாக வந்தாள். நல்ல பெண்தான். வலங்கைமானிலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்து எங்கள் வாசலில் நின்று, “எங்க அல்லிய என்ன பண்ணீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எழிலும் அதையேதான் சொன்னாள். “புள்ள பொறந்து ஆறு மாசத்துல திரும்பிடுவேன் மாமா. அதுவரைக்கும் அல்லி மாறாம இருக்கட்டும். நான் வந்து நிக்கும்போது எனக்கு எடம் இருக்கணும்.”

கல்யாணத்துக்கு முன்னால் அவள் மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றபடி புடவை மடித்தவள். அவளுக்கென்று வாய்த்தது இந்த அல்லி ஒன்றுதான். அவள் கேட்டதில் தப்பில்லை.

ஆனால் மறைக்கிற வழியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். “கையில மொறத்தக் குடுத்துடு. நெல்லு பொடைக்கிற மாதிரி இருக்கட்டும்” என்றேன். பிறகு குடம். பிறகு வைக்கோல் கட்டு. பிறகு கறவை மாட்டுக்கு அந்தப் பக்கம். மூன்று மாதமாக மிராசு வீட்டு நெல்லை அல்லி ஓயாமல் புடைத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவரும் கேட்கவில்லை.

வளைகாப்பு வரும் வியாழக்கிழமை என்று முடிவாகியிருந்தது. அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு, பத்துப் பேரோடு. வளையல் அவள் அம்மா வீட்டிலிருந்து வரவேண்டும்.

*

இன்று காலை ஒன்பது மணிக்குக் கார் வந்து நின்றது. நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடை திறப்பு. மிராசும் அல்லியும் வேஷத்தோடு வந்து ரிப்பன் வெட்ட வேண்டும், சாயங்காலம் குலுக்கல் முடியும்வரை இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அம்சம் நார்த்தங்காய் ஊறுகாயை ஒரு டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். எழிலுக்கு வாய் கசந்தால் தொட்டுக்கொள்ள.

“கூட்டத்துல நிக்க வெக்கிறீங்க” என்றாள், என்னைப் பார்க்காமல்.

“நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்.”

“ஆடிப் பதினெட்டுக்கு என்ன பண்ணோம்? காவேரியாறு மசக்கையா இருக்குதுன்னு புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காச்சோறுன்னு கிளறித் தூக்கிக்கிட்டு ஊரே போச்சு. ஆத்துக்கு வெக்கம் இல்ல. நம்ம வீட்டுப் புள்ளைக்கு மட்டும் என்ன வெக்கம்?”

“வெக்கம் இல்லடி. அவ வேலை அது.”

“அவ வேலையா, ஒங்க வேலையா? பஸ் ஸ்டாண்டுல மிராசு மிராசுன்னு எந்திரிச்சு எடம் விடுறானுவல்ல. அது போயிடும்னு ஒங்களுக்குப் பயம்.”

நான் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

எழில் உள்ளேயிருந்து வந்தாள். பாவாடை தாவணி, இரட்டைச் சடை. தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டிருந்தாள். தாவணியை நான்கு மடிப்பாக முன்னால் இறக்கி ஊசி குத்தியிருந்தாள். அம்சம் டப்பாவை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“அத்தை, எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கும்மா. யாரோ ஊட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு.”

அம்சத்தைக் கட்டிக்கொண்டு ஐம்பது வருஷம் ஆகப்போகிறது. அவள் இப்படிப் பேசினால் அன்றைக்கு எனக்கு நல்லது நடந்ததே கிடையாது.

*

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வழக்கம்போல மாட்டிக்கொண்டோம். கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார்கள். “மிராசு! டேய், மிராசுடா! அல்லி!” என்று பைக்கிலிருந்து இறங்கி ஓடிவந்தார்கள். போனை உள்ளே நீட்டினார்கள். எழில் ஊறுகாய் டப்பாவை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“அல்லி, இந்த வாரம் மாப்பிள்ள யாரு?” என்று ஒருத்தன் கேட்டான்.

“ஏன், நீ வரியா? எங்கப்பாகிட்ட ஒத வாங்குறதுக்கு ஒடம்புல தெம்பு இருக்கா?” என்றாள், அல்லி குரலில்.

காரில் ஏறும்வரை நான் மாமா. ஆள் பார்த்தால் நான் அப்பா. அவளுக்கு அது ஒரு நொடியில் மாறும். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

கடை வாசலில் மேடை போட்டு மேலே தகரம் வேய்ந்திருந்தார்கள். முந்நூறு பேர் இருப்பார்கள். முன்வரிசையில் எழிலின் அம்மா மங்களாம்பிகை உட்கார்ந்திருந்தார். புருஷன் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து இறந்துபோனவர். ஒரே மகள். கல்யாணமாகி நான்கு வருஷம் குழந்தை இல்லை என்று, எங்கள் வீட்டைவிட அதிகம் தெருவில் பேச்சுக் கேட்டவர் அவர்தான். திருக்கருகாவூருக்கு நெய் வாங்கப் பத்து முறையாவது போயிருப்பார். அம்மன் கண் திறந்த பிறகும் வாயைத் திறக்காதீர்கள் என்று நான்தான் போனில் சொன்னேன். “சரிங்க சம்பந்தி” என்றார். அவ்வளவுதான்.

ரிப்பன் வெட்டினோம். குத்துவிளக்கு ஏற்றினோம். பாத்திரக்கடை அல்லவா, இனியவன் யோசித்து வைத்திருந்தான். எழில் கையில் ஒரு பெரிய பித்தளைக் குடம். அதை வயிற்றோடு அணைத்தபடி அவள் நின்றாள். போட்ட நாற்காலியில் அவள் உட்காரவே இல்லை. உட்கார்ந்தால் குடத்தை மடியில் வைக்க வேண்டும், மடியில் இடம் இல்லை.

மைக் பிடித்தவள் ஷமீரா என்று ஒரு பெண். மன்னார்குடிக்காரி. நல்ல வாய். கூட்டத்தைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். என் வசவு இரண்டைக் கேட்டு வாங்கினாள். ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. எழுபது வயதில் முந்நூறு பேர் நம் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் புரியும்?

கூட்டத்திலிருந்து ஒரு பெண்பிள்ளை கத்தினாள். “அல்லி ஒரு சுத்துப் பெருத்துடுச்சே!”

ஷமீரா அதைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. “ஆமாங்க மிராசு, ஒங்க பொண்ணு போன பொங்கலுக்குப் பாத்தப்போ கொடி மாதிரி இருந்தாங்க. வீட்ல என்னதான் சாப்பாடு போடுறீங்க?” என்று மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். குடத்தில் தண்ணீர் கனம் என்று சொல்லியிருக்கலாம். இனியவன் எழுதிக்கொடுத்த காகிதத்தில் நூறு பதில் இருந்தது. நான் காகிதத்தைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டேன். குரல் தானாக வந்தது.

“அது சோத்து வயிறும்மா! வேற என்ன இருக்கப்போவுது அதுல? நாலு நாளு நடவுக்கு எறக்கிவிட்டா தானா வத்திடும்!”

தகரம் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பு. ஷமீரா குனிந்து சிரித்தாள். கடைக்காரர் கைதட்டினார்.

எழிலும் சிரித்தாள். “போங்கப்பா!” என்று என் தோளில் ஓர் அடி அடித்தாள். அல்லி அப்படித்தான் செய்வாள். அதற்கும் கைதட்டினார்கள்.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். மங்களாம்பிகை சிரிக்கவில்லை. அழவும் இல்லை. பக்கத்தில் இருந்தவள் அவர் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். எழுந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, குடை விரிக்காமல் தூறலில் நடந்து போனார்.

*

கடைக்குப் பின்னால் ஒரு சரக்கு அறை. அட்டைப்பெட்டிகள் மேல் எழில் உட்கார்ந்திருந்தாள். குடம் கீழே இருந்தது. காலை நீட்டிக்கொண்டிருந்தாள். பாதம் வீங்கியிருந்தது.

“ஜூஸ் ஏதாச்சும் வாங்கியாரவா?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “அதச் சொன்னது யாரு?”

“எத?”

“சோத்து வயிறுன்னு. எங்கப்பா மிராசு சொன்னாரா, எங்க மாமா சொன்னாரா?”

“நாடகத்துல வர்ற பேச்சும்மா அது.”

“பேப்பர்ல இல்லையே. அந்தப் பேப்பர இனியவன் எழுதும்போது பக்கத்துல உக்காந்திருந்தவ நான்.”

அவள் அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் ஊறுகாயை விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

என் சட்டைப்பையில் போன் அடித்தது. அம்சம்.

“போன்ல நேரடியா ஓடுது. பாத்தேன்” என்றாள்.

“அது மிராசு சொன்னதுடி. சிரிப்புக்கு.”

“ஆமா. மிராசுதான் சொன்னாரு. எந்த மிராசுன்னு யோசிச்சுப் பாருங்க. ஒங்கம்மா எங்கிட்ட எத்தனை தடவ சொல்லியிருப்பாங்க. நான் மறக்கல. நீங்க மறந்துட்டீங்க.”

போனை வைத்துவிட்டாள்.

நான் மறக்கவில்லை. அதுதான் கேடு. மறந்திருந்தால் வாயில் வந்திருக்காது.

எனக்கு எட்டு வயது. சம்பா நடவு. என் அம்மா வயிற்றில் என் தங்கச்சி, எட்டாம் மாதம். குனிய முடியவில்லை. நாற்று முடிச்சை வைத்துவிட்டு நிமிர்ந்து, ஒரு நாழி வரப்பில் உட்கார்ந்துகொள்ளவா என்று கேட்டாள். வரப்பின்மேல் குடை பிடித்து நின்ற மிராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். அதே சொல். சோத்து வயிறு. நாலு நாள் நட்டால் தானாக வற்றிவிடும். நடவாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் இருக்க முடியாது. என் அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் குனிந்தாள்.

அந்த ஆளின் பெயரைச் சொல்லி அறுபது வருஷம் நான் காறித் துப்பியிருக்கிறேன். அவர் குரலைத்தான் இரண்டரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அவர் பேச்சையும் பேசிவிட்டேன். என் மகன் பிள்ளைக்கே பேசிவிட்டேன்.

*

மிராசு துண்டை அட்டைப்பெட்டிமேல் வைத்துவிட்டு ரயிலடித் தெருவுக்கு நடந்தேன். வழியில் இரண்டு பேர் “மிராசு!” என்றார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

மங்களாம்பிகை கதவைத் திறந்து, “வாங்க சம்பந்தி” என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடிக்க முடியாமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“தப்பாப் போச்சு” என்றேன். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

“நீங்க நடிக்கிறீங்க. எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழம நானும்தான் பாக்குறேன்.”

“வியாழக்கிழம…”

“வரல சம்பந்தி.”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“வளையல் எடுத்து வெச்சிருக்கேன். அஞ்சு டஜன். கலியாணத்தன்னிக்குப் போட்டதவிட நல்ல வளையல். யாருக்கு எடுத்துக்கிட்டு வர்றது, சொல்லுங்க? நாலு வருஷமா இந்தத் தெருவுல எனக்கு யார் முகத்தையும் பாக்க முடியல. மாசம் ஆயிருக்குன்னு சேதி வந்ததும் வாசல்ல நின்னு கத்தணும்போல இருந்துச்சு. நீங்க சொல்லாதீங்கன்னீங்க. பேசாம இருந்தேன். இன்னிக்கு எதுத்த வீட்டு அனுராதா எம்பக்கத்துல உக்காந்திருந்தா. எழில் வந்து நின்னதுமே அவ கண்டுபிடிச்சுட்டா. ‘மங்களம், உண்டாயிருக்கா?’ன்னு காதுல கேட்டா. நான் வாயத் தொறந்தேன். தொறக்கும்போதே நீங்க மைக்குல சொல்லிட்டீங்க.”

அவர் என் கையிலிருந்த செம்பைப் பார்த்தார்.

“அவ கெட்டவ இல்ல. என் தோள்ல கை வெச்சு, ‘போவுது விடு மங்களம், அடுத்த வருஷமாச்சும் தங்கும்’னு ஆறுதல் சொன்னா. ஏழு மாசப் புள்ளைய வெச்சுக்கிட்டு, அந்த ஆறுதல நான் வாங்கிக்கிட்டு வந்தேன்.”

ஸ்டேஷனில் ஏதோ வண்டி வந்து போயிற்று. அந்தச் சத்தம் அடங்காமல் இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது.

“நான் போய்ச் சொல்லிடுறேன்” என்றேன். “அதே மேடையில. அதே மைக்குல. எனக்குப் பேரன் வரப்போறான்னு சொல்லிடுறேன். அப்புறம் வருவீங்கல்ல?”

அவர் என் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டார்.

*

நான் திரும்பும்போது நாலு மணி. குலுக்கலுக்குக் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. சரக்கு அறையில் இனியவன் எழிலுக்குக் குடத்தை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று காட்டிக்கொண்டிருந்தான்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அம்மா சொன்னது, அனுராதா சொன்னது, தோளில் கை வைத்தது. என் அம்மா கதையையும் சொன்னேன். அதை நான் என் மகனிடம்கூடச் சொன்னது கிடையாது. பிறகு இனியவனிடம், “மைக்க வாங்கிக் குடு. நான் ஒடச்சுச் சொல்லிடப் போறேன்” என்றேன்.

“ஐயா, அவசரப்படாதீங்க” என்று அவன் என் கையைப் பிடித்தான். “இன்னும் ஆறே வாரம். அதுக்கப்புறம் அல்லி சென்னைக்குப் படிக்கப் போயிட்டான்னு கதைய மாத்தி எழுதியாச்சு. இப்ப மேடையில சொன்னீங்கன்னா நாளைக்கு அல்லியப் பாக்குறவன் கண்ணுக்கு வயிறு மட்டும்தான் தெரியும். எவன் மாப்பிள்ள சீன நம்புவான்?”

“நம்பாட்டிப் போறான்.”

“உங்களுக்கென்னய்யா, மிராசு எப்பவும் இருப்பாரு. போறது எழிலோட அல்லி.”

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் பொய் சொல்லவில்லை. இருந்தாலும் மேடைப் பக்கம் திரும்பினேன். எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் என் நெஞ்சிலிருந்து அது இறங்க வேண்டும், அவ்வளவுதான்.

“மாமா, நில்லுங்க.”

எழில் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“இல்லன்னு சொன்னதும் நீங்க. இருக்குன்னு சொல்றதும் நீங்களா? வயிறு யாருது மாமா?”

நான் நின்றுவிட்டேன்.

“இப்பவும் ரெண்டு பேரும் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. இனியவன் மறைன்னான். மறைச்சேன். அது நானா ஒத்துக்கிட்டது, அதுக்கு ஒங்கள நான் கொற சொல்ல மாட்டேன். ஆனா சொல்றதுன்னா நான்தான் சொல்லணும்.”

“எழிலு, யோசிச்சுக்க” என்றான் இனியவன். “ஒன்னோட ரெண்டரை வருஷ ஒழைப்பு.”

“வயித்தக் கழட்டி இந்தப் பொட்டிமேல வெச்சுட்டு வர முடிஞ்சா வந்துடுவேன் இனியா. முடியலையே.”

குடம் கீழேயே கிடந்தது. அவள் எடுக்கவில்லை. தாவணி ஊசியைக் கழற்றி முந்தியை இடுப்பைச் சுற்றி இறுக்கிச் செருகினாள். ரவிக்கைக்குள் இருந்த தாலியை வெளியே எடுத்துப் போட்டாள். படி ஏறும்போது நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டாள். அது ஒன்றுதான் இன்றைக்கு எனக்குக் கிடைத்த நல்லது.

மேடையில் அவளைப் பார்த்ததும் விசில் பறந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. ஷமீராவின் சிரிப்பும் நின்றது. எழில் மைக்கை வாங்கிக்கொண்டாள். அது அல்லி குரல் இல்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் கேட்கிற குரல்.

“எம்பேரு எழில்மொழி. இந்த ஊரு பொண்ணுதான். ரயிலடித் தெரு மங்களாம்பிகை மக. கல்யாணமாயி நாலு வருஷம் ஆச்சு. எனக்கு இது ஏழாம் மாசம். வியாழக்கிழம வளைகாப்பு. எங்கம்மாவுக்கு யாரும் ஆறுதல் சொல்ல வேணாம். வாங்க, வந்து சோறு சாப்புடுங்க.”

தகரத்தில் தூறல் விழுகிறது கேட்டது. பிறகு பின்னாலிருந்து ஒரு கிழவி, “நல்லா இரு தாயி” என்றாள். ஒருத்தி குலவை போட்டாள். இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் இல்லை. சில பெண்கள் தங்கள் பெண்பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் இனியவனைத் தேடினார்.

அப்போது ஒருத்தி எழுந்து கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

“அப்ப எங்க அல்லி? அவளுக்கு இன்னும் கலியாணமே ஆவலையே? ஞாயித்துக்கெழம அவ வருவாளா, மாட்டாளா?”

“ஆமா, அல்லி என்ன ஆனா?” என்று நாலைந்து குரல் சேர்ந்து கேட்டது.

எழில் அவர்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என் கதைய நான் சொல்லிட்டேன். அல்லி கதைய அவங்கப்பாவக் கேளுங்க” என்று மைக்கை என் கையில் வைத்தாள்.

மைக் அவள் பிடித்த சூட்டோடு இருந்தது. இனியவன் மேடைக்குக் கீழே நின்று இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சைகை காட்டினான். வேண்டாம் என்கிறானா, காப்பாற்று என்கிறானா, எனக்குப் புரியவில்லை. தோளில் துண்டு இல்லை. மிராசாகப் பேச வாயைத் திறந்தால் வரப்பில் குடையோடு நின்ற அந்த ஆள் வந்து நிற்கிறார். இராஜாங்கமாகப் பேச வாயைத் திறந்தால் அந்த இராஜாங்கத்தின் குரலை நானே கேட்டு வெகுநாள் ஆகிறது.

“அம்மா…” என்றேன்.

அடுத்த சொல் வரவில்லை. கூட்டம் முழுக்க என் வாயையே பார்த்தது. மறுபடியும் “அம்மா…” என்றேன். கண்ணிலிருந்து வழிவதைப் புறங்கையால் துடைத்தேன். துடைத்தும் நிற்கவில்லை, வழிந்துகொண்டே இருந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு கைதட்டல் எழுந்தது. காலையில் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல்.

“பாத்தியாடி” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. “மிராசு என்னமா நடிக்கிறாரு!”